தூணை விடாத சிப்பி

அந்த வருடம் மாசி மாதத்தில் டினுஷாவின் நடையே மாறிப்போனது. ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவளே சொல்லிவிடுவாள்.

"நான் இப்ப ஆராய்ச்சிக்கு உதவி செய்றன்."

பாண் விற்க வரும் ஓட்டோக்காரரிடம் சொன்னாள். பூசை முடிந்து வெளியே வந்த சுவாமியாரிடம் சொன்னாள். ஒழுங்கை முனையில் படுத்திருந்த நாய்க்குக்கூடச் சொல்லியிருப்பாள். நல்ல வேளை, அது எழும்பிப் போய்விட்டது.

விசயம் இதுதான். நாவற்குடாவில், வாவியைத் தொட்டுக்கொண்டு தோணிக்கரை ஒழுங்கை இருக்கிறது. அங்கே எல்லோரும் வாவியை 'ஆறு' என்றுதான் சொல்வார்கள். டினுஷாவின் அம்மா மேர்லின் அந்த ஆற்றில் மட்டி எடுத்து விற்பவர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் காலால் துழாவி, விரலில் தட்டுப்படும் மட்டியைக் குனிந்து எடுப்பார். அப்பா அன்ரோ வீடு கட்டுகிற மேசன். தூர ஊர்களுக்கு வேலைக்குப் போனால் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

கொஞ்சக் காலமாக ஆறு சரியில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசி கட்டி, அழுகி, மூக்கைப் பொத்தவைக்கும் மணம். ஒருநாள் காலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்குப் பிறகு மேர்லினின் மட்டிக்கூடை பாதி விற்றும் பாதி விற்காமலும் வீட்டுக்குத் திரும்பி வரத் தொடங்கியது.

"எல்லாம் அக்கரை வயல்காரங்கட வேலை!" என்று ஒழுங்கையே ஒரே வாயாகச் சொன்னது. "பசளையை அள்ளிக் கொட்டுறாங்க. அது வடிஞ்சு ஆத்துக்குத்தான் வருது."

மீனவர் சங்கத் தலைவர் ஜசிந்தன் மாமா இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். அவர் எதைச் சொன்னாலும் சத்தமாகத்தான் சொல்வார்.

அப்போதுதான் ஆற்றை ஆராயச் சுஹைனா அக்கா வந்தார். பல்கலைக்கழகக் கம்பஸில் படிப்பிக்கிறவர். மேர்லினின் மட்டிக்கூடையைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தார்.

"ஆறு ஏன் கெட்டுது எண்டு இந்த மட்டிக்குத் தெரியும்" என்றார்.

"மட்டிக்கா? அதுக்கு வாயே இல்லையே அக்கா!" என்றாள் டினுஷா.

"வாய் இல்லாட்டியும் சொல்லும், கேளு. தண்ணில நைதரசன் எண்டு ஒரு சாமான் கூடினா, பாசி தாறுமாறா வளரும். அந்த நைதரசன்ல பாரமானதும் இருக்கு, லேசானதும் இருக்கு. வயல் பசளையில வாறதுல லேசானது கூட. மலசலகூடக் குழியில இருந்து கசியுறதுல பாரமானது கூட. அந்தத் தண்ணில வளர்ற பாசியை மட்டி தின்னுது. தின்னது அதுட சதைல அப்படியே இருக்கும். ஆய்வுகூடத்துல நிறுத்துப் பாத்தா, அழுக்கு எங்க இருந்து வந்தது எண்டு பிடிச்சிரலாம்."

டினுஷா ஒரு மட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு விசயத்தை உள்ளே வைத்துக்கொண்டா இது இப்படி ஒன்றும் தெரியாதது போல இருக்கிறது!

"மேர்லின் அக்கா, ஒழுங்கைக் கரையில ஒரு பை மட்டி எடுங்க. அக்கரையில வயல் ஓரத்துல ஒரு பை எடுங்க. ரெண்டையும் கலந்திராம நல்லா வெச்சிருங்க. நோன்பும் பெருநாளும் முடிஞ்ச பிறகு வந்து எடுக்கிறன்" என்றார் சுஹைனா அக்கா.

"அதெல்லாம் வடிவா வெச்சிருப்பன்" என்றார் மேர்லின்.

பைகளுக்கு அடையாளம் கட்டும் வேலை டினுஷாவுக்குக் கிடைத்தது. ஒழுங்கைப் பைக்குச் சிவப்பு ரிப்பன், வயல் பைக்கு நீல ரிப்பன். அன்றிலிருந்துதான் அந்த நடை.

பெருநாள் முடிந்து சுஹைனா அக்கா வந்து இரண்டு பைகளையும் வாங்கிப் போனார். நிறுத்துப் பார்க்கும் இயந்திரம் வெளிநாட்டில்தான் இருந்ததாம். அதனால் பதில் வர மாதக்கணக்கில் ஆனது.

பதில் வரும்வரை ஊர் வாய் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்திலும் கதை பரவியது. டினுஷாவின் வகுப்பில் யதுர்ஷன் என்றொருவன். வவுணதீவுப் பக்கம் வீடு. வலையிறவுப் பாலம் கடந்து பஸ்ஸில் வருவான். அவனுடைய அப்பா இளையதம்பிக்கு அக்கரையில் ஆற்றோரமாகத்தான் வயல். ஒருநாள் யாரோ ஒருவன் பின்வரிசை வாங்கில் இருந்து "டேய் யூரியா!" என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. யதுர்ஷனும் சிரித்தான். டினுஷாவும் சிரித்துவிட்டாள்.

அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும். யதுர்ஷன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு பள்ளிக்கூடத்துக்கே இடையிடையே வராமல் விட்டான். முதல் நாள் தானும் சிரித்ததை டினுஷாவால் மறக்க முடியவில்லை.

ஆவணி விடுமுறை தொடங்கிய பிறகு சுஹைனா அக்கா வீட்டுக்கு வந்தார்.

"பதில் வந்திட்டு. ரெண்டு பையிலயும் லேசான நைதரசன்தான் கூட. பசளைதான் போல" என்றவர், நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ரெண்டு பையும் அச்சு அசலா ஒண்டு போல இருக்கு. அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்குது."

இடித்ததைப் பற்றி ஒழுங்கையில் யாரும் கவலைப்படவில்லை. 'பசளை' என்ற சொல் மட்டும் வீடு வீடாக ஓடியது.

"நான் அப்பவே சொன்னன்!" என்று ஜசிந்தன் மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் வெப்பம். ஆத்தோரத்து வயலை இந்த மாரிக்கு விதைக்கப்படாது. ஒரே முடிவு!"

இரண்டு நாள் கழித்து டினுஷா அம்மாவோடு தோணியில் அக்கரைக்குப் போனாள். வயல் ஓரத்தில், தண்ணீருக்குள் நட்ட கம்பில் அம்மாவின் வலைப்பைகள் தொங்கும். எடுக்கிற மட்டியை எல்லாம் அம்மா அங்கேதான் கொஞ்ச நாள் தொங்கவிடுவார். சேற்றைக் கக்கி, மணம் போன பிறகுதான் விற்பனைக்குக் கொண்டுபோவார். அதனால்தான் மேர்லினின் மட்டியில் மண் கடிபடாது என்று ஊரில் பெயர்.

வரம்பில் யதுர்ஷன் உட்கார்ந்திருந்தான். டினுஷாவைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யதுர்ஷன்! ஏன் அப்படி இருக்காய்?"

"அப்பா இந்த முறை விதைக்கமாட்டாராம்" என்றான் அவன், தண்ணீரைப் பார்த்தபடி. "எல்லாரும் சேந்து வேணாமெண்டா என்ன செய்றது எண்டு சொல்றார். ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடவும் இல்ல."

டினுஷா திரும்பித் தோணிக்குள் பார்த்தாள். அம்மா அன்று காலையில் ஒழுங்கைக் கரையில் எடுத்த மட்டியை வலைப்பையில் போட்டு, கம்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் திக்கென்றது.

"அம்மா! சிவப்பு ரிப்பன் பையை எங்க வெச்சிருந்தீங்க?"

"எந்தப் பை?"

"சுஹைனா அக்காட பை! ஒழுங்கைக் கரை மட்டி!"

"இஞ்சதான், இந்தக் கம்பிலதான்" என்றார் மேர்லின். "பின்ன? கம்பஸ் பிள்ளைக்கு நாறல் மட்டியையா குடுக்கிற? நீலத்துக்குப் பக்கத்துல தனியாக் கட்டியிருந்தன். ஒரு மட்டியும் கலக்கல்ல."

"எவ்வளவு நாள்?"

"நோன்பு முடியுமட்டும்."

டினுஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். மட்டி கலக்கவில்லைதான். ஆனால் ஒழுங்கைக் கரை மட்டி நோன்புக்காலம் முழுவதும் வயல் ஓரத்துத் தண்ணீரையே குடித்து, வயல் ஓரத்துப் பாசியையே தின்றிருக்கிறது! இரண்டு பையும் ஒன்று போல இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

திரும்பி வரும்போது அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். மேர்லின் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

"அய்யோ, என்ட மாதாவே" என்றார் மெதுவாக. "நல்லா வெச்சிருங்க எண்டு சொன்னாவே, மகள். மட்டியை நல்லா வெச்சிருக்கிறது அப்படித்தானே?"

"சொல்லுவம் அம்மா."

"வேணாம் புள்ள. ஆராய்ச்சியைக் கெடுத்தவ எண்டு ஊரே சிரிக்கும். எனக்கு மானம் போயிரும். அதோட, அழுக்கு நம்மட கரையில எண்டு வந்தா? ஒழுங்கையில ஆரு நம்மளோட கதைப்பாங்க?"

டினுஷா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வரம்பில் உட்கார்ந்திருந்த யதுர்ஷனின் முகம் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சங்க மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஜசிந்தன் மாமா. பின்வரிசையில், யாரோடும் ஒட்டாமல், இளையதம்பியும் யதுர்ஷனும். சுஹைனா அக்கா மடிக்கணினியைத் திறந்தார்.

டினுஷாவின் கால்கள் தாமாக எழும்பின. நேராகப் போய் சுஹைனா அக்காவின் காதுக்குள் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் கண்கள் விரிந்தன. டப்பென்று மடிக்கணினியை மூடினார்.

"மன்னிக்கணும். இந்த முடிவு சரியில்ல. ஏன் எண்டு டினுஷா சொல்லுவா."

மண்டபம் முழுக்க அவளைப் பார்த்தது. பாண் ஓட்டோக்காரருக்குச் சொன்ன வாய் இப்போது காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னாள்.

"ரெண்டு பை மட்டியையும் நாங்க வயல் ஓரத்துலதான் தொங்கவிட்டிருந்தம். அதனால ரெண்டும் அந்தத் தண்ணியைத்தான் காட்டுது. ஒழுங்கைக் கரையில என்ன இருக்கு எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியா."

"ஆரு தொங்கவிட்டது?" என்று அதட்டினார் ஜசிந்தன் மாமா.

டினுஷா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மேர்லின் எழுந்து நின்றார். "சேறு போகட்டும் எண்டு தொங்கவிட்டன். பிழை என்ட. பிள்ளையை அதட்டாதீங்க அண்ணன்."

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. "மட்டியைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கா!" என்று யாரோ சொன்னார்கள். மேர்லினின் முகம் சிவந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. டினுஷாவுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"சரி, புதுசா மட்டி எடுப்பம்" என்றார் ஜசிந்தன் மாமா.

"எடுக்கிற மட்டி எங்க கிடந்த மட்டி எண்டு நாங்க எப்படி நம்புறது?" என்று இளையதம்பி முதல்முறையாக வாய் திறந்தார்.

"அப்ப எங்களைக் கள்ளன் எண்டு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல்ல. நீங்கதான் என்னைச் சொன்னீங்க!"

அவ்வளவுதான். கதிரைகள் இழுபட்டன. ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். சுஹைனா அக்காவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

டினுஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தோணித்துறையின் கொங்கிரீட் தூண்கள் தெரிந்தன. தண்ணீர் வற்றியிருந்ததால் அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் கொத்துக் கொத்தாக வெளியே தெரிந்தன. நீந்தப் போனால் காலைக் கிழிக்கிற அதே பொல்லாத சிப்பிகள்! குஞ்சில் எங்கே ஒட்டினதோ, சாகும்வரை அங்கேதான். ஜசிந்தன் மாமாவே வந்து போ என்று அதட்டினாலும் போகாது.

அவள் கதிரையில் ஏறி நின்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"சிப்பி!"

மண்டபம் அடங்கியது.

"தூண்ல ஒட்டியிருக்கிற சிப்பியை ஆரும் இடம் மாத்த ஏலாது. எங்கட கரையில தூண்ல இருக்கு. அக்கரையில தண்ணிக்குள்ள நிக்கிற கண்டல் மரத்து வேர்ல இருக்கு. ரெண்டையும் எல்லாருக்கும் முன்னால உடைச்சு எடுப்பம். சிப்பியும் பாசியைத்தானே தின்னுது, அக்கா?"

சுஹைனா அக்கா அவளைப் பார்த்த பார்வையில் மண்டபமே வெளிச்சமானது போல டினுஷாவுக்கு இருந்தது.

"ஓம்! அதுமட்டுமில்ல" என்றார் அக்கா. "சிப்பி ஓடு வளரேக்க, தின்னதுல கொஞ்சம் ஓட்டுக்குள்ளயும் சேந்திரும். அடுக்கடுக்கா. போன மாரியில தின்னதும் அதுக்குள்ள இருக்கும். சதையையும் பாப்பம், ஓட்டையும் பாப்பம்."

கூட்டம் அப்படியே துறைக்குப் போனது. உளியும் சுத்தியலும் வந்தன. ஜசிந்தன் மாமாவே இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தட்டினார். இளையதம்பி துறையில் குந்தியிருந்து ஒவ்வொரு சிப்பியாக வாங்கினார். பிறகு எல்லோரும் அக்கரைக்குப் போனார்கள். கண்டல் வேரில் இருந்த சிப்பியை யதுர்ஷன் உடைத்து எடுத்தான். பைகள் அங்கேயே ஐஸ் பெட்டிக்குள் போயின. மேர்லின் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அதைப் பார்த்து எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை மேர்லினும் சிரித்தார்.

ஆனால் பதில் வரும்வரை நாட்கள் கசந்தன. "சொந்தக் கரையையே சந்தேகப்படுறாள் பாரு" என்று ஒழுங்கையில் சிலர் முணுமுணுத்தார்கள். வழமையாகப் பேசுகிறவர்கள் பேசாமல் போனார்கள். டினுஷா குனிந்துகொண்டு நடந்தாள். நல்ல காலம், பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாளே யதுர்ஷன் வந்துவிட்டான். பின்வரிசையிலிருந்து ஒருவன் "யூ..." என்று தொடங்க, டினுஷா திரும்பி ஒரு முறை முறைத்தாள். மிச்ச எழுத்துகள் அவன் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டன.

புரட்டாதி முடிவில் பதில் வந்தது. மறுபடியும் மண்டபம் நிறைந்தது.

"அக்கரைச் சிப்பில பசளை இருக்கு. ஆனா கொஞ்சம்தான்" என்றார் சுஹைனா அக்கா. "ஒழுங்கைச் சிப்பில பாரமான நைதரசன் நல்லாக் கூட. சதைலயும் கூட, ஓட்டிலயும் கூட. இது இண்டைக்கு நேத்துத் தொடங்கினது இல்ல. கரையோரத்துல இருக்கிற மலசலகூடக் குழிகள்தான். தண்ணி ஏறுற நேரம் எல்லாம் ஆத்துக்குக் கசியுது."

ஜசிந்தன் மாமா தாடையைச் சொறிந்தார்.

"பிழை ஏதும் இருக்காதே?" என்று கேட்டார். அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"தூண் நடந்து போயிருக்காது மாமா" என்றாள் டினுஷா.

முதலில் சிரித்தது இளையதம்பி. அடுத்தது ஜசிந்தன் மாமா. எழுந்து, இளையதம்பி இருந்த பின்வரிசைக்கே நடந்து போனார்.

"தம்பி, நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். மனசுல வெச்சிராத" என்றார். பிறகு, பழைய சத்தம் திரும்பி வர, "முதல்ல என்ட வீட்டுக் குழியை மாத்துவம்! நாளைக்கே!" என்றார்.

"குழிக்கு இறக்குற கொங்கிரீட் வளையம் ஏத்த என்ட டிராக்டர் வரும்" என்றார் இளையதம்பி. "பசளையையும் ஒரே தரமாக் கொட்டாம, பிரிச்சுப் பிரிச்சுப் போடுறன். கொஞ்சமெண்டாலும் என்ட பங்கும் இருக்குத்தானே."

மறுநாளே கசியாத குழிகளுக்கான வேலை தொடங்கியது. அன்ரோ தூரத்து வேலையை விட்டுவிட்டு ஒழுங்கையிலேயே நின்றார். வீடு வீடாகக் கொங்கிரீட் வளையங்கள் இறங்கின. பேசாமல் போனவர்கள் இப்போது அன்ரோவைக் கண்டால் "எங்கட குழி எப்ப அண்ணன்?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மேர்லினும் டினுஷாவும் தோணியில் அக்கரைப் பக்கம் போனார்கள். இளையதம்பியின் வயலில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் மடியில் விதைநெல்லைக் கட்டிக்கொண்டு, கையை வீசி வீசி நடந்தார். பின்னால் யதுர்ஷன் முழங்கால் வரை சேற்றோடு, கொக்குகளைத் துரத்திக்கொண்டு ஓடினான். டினுஷாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

வரம்பில் நின்ற கூலிக்காரர் ஒருவர் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்.

"ஆரு அந்தப் பிள்ளை? கூட்டத்துல எழும்பிக் கதைச்ச பிள்ளையா?"

மேர்லின் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. டினுஷா "அம்மா, இருங்க! கவிழப்போகுது!" என்று கத்தினாள். மேர்லின் கேட்டால்தானே! கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, வயல் முழுக்கக் கேட்கும்படி கூவினார்.

"ஓம்! என்ட மகள்! பிழை விட்டது நான், கண்டுபிடிச்சது இவள்!"